ஜரீனாவின் பாட்டுக்கு ஒரு கோப்பு

விதி இது: அரசு ஊழியர் வானொலியில் பேசவோ, மேடை ஏறவோ, எதையாவது வெளியிடவோ முன் அனுமதி பெற வேண்டும். ஆனால், அது முழுக்க முழுக்கக் கலை, இலக்கியம், அறிவியல் சார்ந்ததாக இருந்தால் அனுமதி தேவையில்லை.

பதவி உயர்வுத் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தவன் நான். கேள்வி வந்தது, முழு மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் ஜரீனா, ஊழியர் கோப்புகளைக் கவனிக்கும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கேட்டபோது முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன்.

ஏன் என்று இந்த அத்தியாயத்தில் விளக்கப் பார்க்கிறேன். எனக்கே அது சரியாக விளங்கவில்லை என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

பொரி, கடலை, மைக்

ஆவடியில் எங்கள் மத்திய அரசுத் தொழிற்சாலைக்குள் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் குடும்பத்தோடு நுழையலாம். அது ஆயுத பூஜை. மற்ற நாட்களில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள், அன்று மாமியாரைக் கூட்டிவந்து லேத் மெஷினை அறிமுகம் செய்வார்கள். எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மெஷின் எண்ணெயும் சாமந்தியும் கலந்த அந்த வாடையை வேறு எங்கும் நான் முகர்ந்ததில்லை.

அந்த வருடம், தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிசைக் குழுவின் பாடகி அம்பத்தூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். மேடையில் கீபோர்டு வில்சன் மட்டும் உட்கார்ந்திருந்தார். கூட்டம் பொரியைத் தின்று முடித்துவிட்டு அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தது. குலுக்கல் பரிசுப் பட்டியலையாவது வாசித்து நேரத்தை ஓட்டலாம் என்று யாரோ ஜரீனாவை மேடையில் ஏற்றினார்கள்.

அவள் டோக்கன் எண்ணையும் பெயரையும் வாசிக்க ஆரம்பித்தாள். வில்சன் விளையாட்டாக ஒரு தாளப் பொத்தானை அழுத்தினார்.

"நானூத்திப் பத்து நாகராஜு, ஊட்டுக்குப் போவுது ஒரு கூஜா" என்றாள். நாகராஜு கூஜா வாங்க எழுந்திருப்பதற்குள் அடுத்த டோக்கன், அடுத்த ஷாப், அடுத்த பரிசு. பெயின்ட் ஷாப் பெருமாளின் தொப்பை வந்தது, கேன்டீன் சாம்பார் வந்தது. எல்லாம் தாளத்தின் மேல் கால் வைத்துத் தாவின. தொழிற்சங்கத்து ஏகாம்பரம் காலித் தூக்கைத் தட்ட ஆரம்பித்தார். நூறு தூக்குகள் சேர்ந்துகொண்டன.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மார்கழி தவறாமல் கச்சேரி கேட்பவன். இதில் சுருதி எங்கே, பல்லவி எங்கே என்று தேடினேன். அகப்படவில்லை. ஆனால் பாடகி வந்து சேர்ந்து முறையான பாட்டு தொடங்கியதும் கூட்டம் எழுந்து போனது. அது ஏன் என்றும் புரியவில்லை.

டைம் ஆபீஸ்

அவள் இதை எங்கே கற்றாள் என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில், வருகைப் பதிவேட்டில்.

ஓவர்டைம் பட்டியலை ஷிப்ட் மாறும் நேரத்தில் உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானூறு பெயர், பத்து நிமிடம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பாதியில் தண்ணீர் குடிப்பார், அதற்குள் சங்கு ஊதிவிடும். ஜரீனா மூச்சு விடும் இடத்தைப் பெயர்களுக்குள்ளேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆறே நிமிடத்தில் முடிப்பாள். மிச்ச நான்கு நிமிடத்தில் யார் நேற்று எந்தச் சாக்கில் ஓடிப்போனார் என்பதை அதே ஓட்டத்தில் சேர்த்து வாசிப்பாள்.

அவள் அப்பா எங்களிடம் மெஷினிஸ்டாக இருந்தவர். பூந்தமல்லிக்காரர், அதிகம் பேசமாட்டார். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். அம்மா, பள்ளியில் படிக்கும் தங்கை, அவள் என்று மூவரும் அப்பாவுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார்கள். வேலை நிரந்தரமாக இரண்டு வருடம் ஆக வேண்டும். அதுவரை ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

அந்தக் கோப்பும் என்னிடம்தான் இருந்தது.

கேட்கச் சொன்னேன்

தீபாவளிக்கு முன்பு வில்சன் அவளைக் கோடம்பாக்கம் பக்கம் ஒரு கேசட் கம்பெனிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவர்களுக்குக் குரல் பிடித்துவிட்டது. ஒரு பாட்டு பதிவு செய்யலாம், நன்றாக வந்தால் ஒரு பக்கம் முழுவதும் அவளுக்கே என்றார்களாம்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "சார், பாட்டு பாடறதுக்கு யாரக் கேக்கணும்?"

"முறையா எழுதிக் கேட்டுடும்மா. நாளைக்கு ஒருத்தன் மொட்டைக் கடிதாசி போட்டா நம்ம கையில பேப்பர் இருக்கும்."

"கேட்டா குடுப்பாங்களா சார்?"

"குடுக்காம இருக்கறதுக்கு ரூல் இல்ல."

"கேக்காம இருக்கறதுக்கு ரூல் கீதா?"

இருந்தது. அதைத்தான் முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் செய்வது கலையா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாதபோது கேட்டுவிடுவது நல்லது என்று நான் வளர்க்கப்பட்டவன். மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று பென்சிலால் குறித்தும் கொடுத்தேன்.

கேட்காத வரை பிரச்சினை இல்லை. கேட்டுவிட்டால், பதில் வரும்வரை எதையும் செய்யக் கூடாது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

நடேசனின் நாடகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்டோர்ஸில் நடேசன் என்று ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமெச்சூர் நாடகங்களில் வில்லனாக நடிப்பார். வருடக்கணக்காக நடித்தார். யாரையும் கேட்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

குழுவின் ஆண்டுவிழா வந்தபோது, மரியாதைக்காக, ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டார். கோப்பு திறந்தது. நாடகத்தின் பிரதி கேட்டார்கள். கொடுத்தார். வில்லன் ஏன் அரசு ஊழியராகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறான் என்று கேட்டார்கள். அதன் பிறகு நடேசன் ஓய்வு பெறும்வரை மேடை ஏறவில்லை. ஓய்வு பெற்றபின் குரல் போய்விட்டது.

அந்தக் கோப்பில் குறிப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்படியிருந்தும் ஜரீனாவைக் கேட்கச் சொன்னேன்.

பயணப்படிப் பட்டியல் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், உங்களுக்கு இதயம் இருக்கிறதா என்று கடிதம் போட்டிருந்தார். இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் கோப்பில் உள்ளது.

உண்மை நகல்

நிர்வாகப் பிரிவு முதலில் கேட்டது, பாட்டின் வரிகள், சான்றொப்பத்துடன். ஜரீனா எழுதிக் கொடுத்தாள். தொழிற்சாலை மருத்துவமனையின் டாக்டர் படித்துச் சிரித்துவிட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினார். எதனுடைய நகல் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. ஏனென்றால் மூன்றாம் நாள் அவள் வேறு வரிகளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அது நேத்து பாட்டு சார். இன்னிக்கு மாறிடுச்சி."

மாறக் கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினாள், நம்பிக்கையில்லாமல்.

கோப்பில் போன நான்கு வரிகள் இவை:

*அஞ்சு மணிக்கு எய்ந்து கொயாவாண்ட நின்னேன்*
*அஞ்சு கொடம் முன்னாடி, ஆறாவதா நின்னேன்*
*தண்ணி வர சொல்ல சங்கு ஊதிட்டான்*
*தாகத்தோட ஓடிப்போயி டோக்கனப் போட்டேன்*

குவார்ட்டர்ஸ் குழாயைப் பராமரிப்பது எஸ்டேட் பிரிவு. எஸ்டேட் பிரிவு அரசாங்கம். எனவே மூன்றாவது வரி அரசின் மீதான விமர்சனமா என்று ஒருவர் ஓரத்தில் எழுதினார். முடிவு செய்யும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று கோப்பை வடக்கே தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. இது இசையா, உரையா? தெளிவுபடுத்தவும்.

தெளிவுபடுத்த வேண்டியவன் நான். காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேன்டீனில் ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

"ஆட வருதில்ல சார்? அப்போ பாட்டு தான்."

இதைக் குறிப்பில் எழுத முடியாது. 'தாளத்துக்கு உட்பட்ட, ராகத்துக்கு உட்படாத குரல் வெளிப்பாடு' என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியதிலேயே மோசமான வாக்கியம் அது. அதை இன்றுவரை திருத்தத் தெரியவில்லை.

விடுப்புச் சீட்டு

கேசட் கம்பெனி இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தது. மூன்றாவது தேதி கொடுத்தபோது வில்சன் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்த முறை வராவிட்டால் வேறு ஒரு பெண்ணைப் போட்டு அதே வரிகளைப் பாடவைத்துவிடுவார்கள்.

அந்த வாரம் அவள் அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு நின்றார்.

"அவ அப்பா உசிர வுட்டு வந்த வேல சார் இது. போச்சுன்னா ஊடும் போயிடும். சின்னவ அடுத்த வருசம் பிளஸ் டூ. நீங்க சொன்னா நிப்பா."

மறுநாள் காலையிலேயே ஜரீனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டாகிவிட்டது, பதில் வரும்வரை போகக் கூடாது, அதுதான் விதி.

"நீங்கதானே சார் கேக்கச் சொன்னீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பிற்பகலில் விடுப்புச் சீட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில், 'பாட்டு ரெக்கார்டிங்'. எல்லாரும் எழுதுவதுபோலச் சொந்த வேலை என்று எழுதம்மா என்றேன்.

"சொந்த வேல தான் சார். இன்னா வேலன்னு எய்தியிருக்கேன்."

அந்தச் சீட்டை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். புதுச் சீட்டில் நானே நிரப்பியிருக்கலாம். உரிய அதிகாரிக்குச் சமர்ப்பித்தேன். அவளுடைய நேர்மையை மதித்தேனா, என்னைக் காத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள்.

பதிவுக்குப் போனவள் முதல் அரை மணி நேரம் வாயே திறக்க முடியாமல் நின்றாளாம். பஞ்சு வைத்துத் தைத்த அறை, காலடிச் சத்தம்கூட இல்லை. "சாவு ஊடு கூட அப்பிடி இருக்காது சார்" என்றாள் பிறகு. ஒலிப்பதிவாளரின் சாப்பாட்டுத் தூக்கை வாங்கி வில்சன் தட்டிய பிறகுதான் குரல் வந்தது.

மெதுவாகச் சொல்

கேசட் கோடையில் வந்தது. பூந்தமல்லி பேருந்து நிலையத்து டீக்கடையில் அதை நானே கேட்டேன். கோப்பில் இருந்த நான்கு வரிகளில் இரண்டு மாறியிருந்தன. கடைக்காரர் நாடாவைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். நெமிலிச்சேரியில் லேடீஸ் பெட்டியில் ஏறும் பெண்கள் அதைச் சொல்லிக்கொண்டே ஏறினார்கள் என்று ஏகாம்பரம் சொன்னார்.

மொட்டைக் கடிதமும் வந்தது. அனுமதி நிலுவையில் இருக்கும்போது பாடியதற்கு விளக்கம் கேட்டுக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். விசாரணை அதிகாரி ஒருவரை நியமித்தார்கள். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. ஆவணங்களை அடுக்கித் தர நானும் அந்த அறையில் இருந்தேன்.

பொழுதுபோக்கு மன்றத்திலிருந்து டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். பாட்டு ஓடியது. அதைச் சுருக்கெழுத்தர் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அவரால் பின்தொடர முடியவில்லை. ஐந்து முறை ஓட்டினார்கள். ஐந்து முறையும் இரண்டாவது வரியிலேயே பேனா நின்றது.

"நீயே மெதுவாச் சொல்லும்மா, ஒவ்வொரு வார்த்தையா" என்றார் அதிகாரி.

ஜரீனா சொன்னாள். அஞ்சு. மணிக்கு. எய்ந்து. ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஓடும் சத்தம் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல, டீக்கடையில் நான் கேட்டது எதுவும் அந்த அறையில் இல்லை. தண்ணீர் வரவில்லை என்ற புகார் மனுதான் இருந்தது.

தட்டச்சு செய்து நீட்டினார்கள். படித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"இது நான் பாடுனது இல்ல சார்."

"வார்த்தைக்கு வார்த்தை அதேதானே?"

"வார்த்த அதே தான் சார். ஆனா இத நான் பாடல."

அதிகாரி என்னைப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் பார்ப்பதுபோல்தான் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பாட்டைத் தன் பாட்டு இல்லை என்று மறுத்தால் என்ன செய்வது? அதற்கு எந்த விதியும் என் நினைவுக்கு வரவில்லை. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. தலைமையகத்தின் பதில் வந்ததும் தொடரலாம் என்றார்கள்.

பதில் வரவில்லை. மாதங்கள் போயின. கம்பெனி ஒரு பக்கம் முழுவதும் பாடக் கூப்பிட்டது. சேலத்திலும் மதுரையிலும் மேடைக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு அழைப்பையும் அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். நிலுவை என்பேன்.

ஆவணியில் ஒருநாள் வந்து கேட்டாள். "ராஜினாமா பண்றதுக்கு யாரக் கேக்கணும் சார்?"

யாரையும் கேட்க வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும், ஏற்றுக்கொண்ட உத்தரவில் சொல்லும் நாளன்று பிற்பகலில் அமலுக்கு வரும் என்றேன். எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

கேபிள் டிவியில்

அவளை இன்று உங்களில் பலருக்குத் தெரியும். பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

வேலையை விட்ட கொஞ்ச காலத்தில் கேபிள் டிவியில் அவளைப் பேட்டி எடுத்தார்கள். எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல ஒரு சார் இருந்தாரு. அவரு கேக்கச் சொல்லலன்னா நான் இன்னிக்கும் டோக்கன் படிச்சிக்கினு தான் இருப்பேன்."

என் மனைவி டிவியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "உங்களப் புகழ்றாளா, திட்றாளா?"

தெரியவில்லை என்றேன். கேட்காமலே பாடியிருந்தால், வேலையும் இருந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை பாட்டும் இருந்திருக்கும், கடிதம் எழுதுவதற்கு முந்தைய நடேசன் மாதிரி. அது போதுமாக இருந்திருக்குமா என்பதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முற்பகல்

ராஜினாமா அமலுக்கு வரவிருந்த நாளன்று காலைத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. தலைமையகத்து முத்திரை. அதன்மேல் வேறொரு மாநிலத்துத் தொழிற்சாலையின் முத்திரை. அதன்மேல் 'தவறுதலாக வந்தது, திருப்பி அனுப்பப்படுகிறது'. உள்ளே ஒரே ஒரு பத்தி. மேற்படி செயல் கலை சார்ந்தது, ஆட்சேபணை இல்லை. கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி, அவள் பதிவுக்குப் போனதற்கு நான்கு நாள் முந்தையது.

நேரம் பத்தரை. பிற்பகல் வரை அவள் ஊழியர்தான். அதற்குள் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம், விதியில் இடம் உண்டு. குறிப்பாணையும் நிற்காது. முப்பது வருடத்தில் முதல்முறையாக வெளியே போகும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் சைக்கிளை எடுத்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் டெம்போ நின்றது. நசரத்பேட்டையில் உறவினர் வீட்டின் பின்கட்டுக்குப் போகிறார்கள். பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டன. தங்கை பாடப்புத்தகக் கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீர்க் குடங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தார்.

கடிதத்தை ஜரீனாவிடம் கொடுத்தேன். மூச்சு வாங்கியது. ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும், சாமான்களை இறக்கிவிடலாம் என்றேன். அம்மாவின் கை குடத்தின் மேல் அப்படியே நின்றது. மகளையே பார்த்தார்.

ஆங்கிலத்தில் இருந்ததை அவள் மேலோட்டமாகப் பார்த்தாள். "இன்னா சார் போட்டு கீது?"

"நீ பாடலாம்னு போட்டிருக்காங்க."

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

கடிதத்தை நான்காக மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. கோப்புக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கி மேலே ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தாள். அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு என் பக்கம் பார்க்காமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். பெறப்பட்ட கடிதம் எதுவானாலும் பதிவேட்டில் ஏற வேண்டும். வரிசை எண் போட்டேன், அனுப்பியவர் போட்டேன், பொருள் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். பெறப்பட்ட நாள் என்ற கட்டத்தில் எழுதியது: புரட்டாசி முதல் வியாழன், முற்பகல்.